கெபாசிட்டரையும் பல் பார்த்து வாங்குவோம்

ஆட்டைப் பற்றி மேச்சேரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இனத்துக்கே ஊரின் பெயர்தான். பொட்டனேரியில் அதற்கென்று தனியாக ஓர் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. சந்தைக்கு ஆடு பிடிக்க வருகிறவர் வாயைப் பிளந்து பல் பார்க்காமல், முதுகுத்தண்டை விரலால் அழுத்திப் பார்க்காமல், துண்டுக்குள் கை கொடுத்து விலை பேசமாட்டார். இப்படிப் பார்த்து வாங்கத் தெரிந்த ஊரில், ஏசி மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாற்றும்போது மட்டும் ஒருவரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. “கெபாசிட்டர் போயிடுச்சுங்க, மாத்திட்டா ஓடும்” என்கிறார் மெக்கானிக். “எவ்வளவுங்க ஆகும்?” என்று கேட்கிறோம். தொகையைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. பழையது குப்பைக்குப் போகிறது. புதியதன் மேல் அச்சடித்திருக்கும் நான்கு வரிகளை யாரும் படிக்காமலே அவுட்டோர் பெட்டியின் மூடி திருகப்படுகிறது. அந்த நான்கு வரிகளில் கடைக்காரரும் மெக்கானிக்கும் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணை, எம்.எஃப்.டி. எனப்படும் மைக்ரோஃபாரட் அளவை. அந்த எண் சரியாக இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக் கெபாசிட்டர் வாங்குவது தவறு. எத்தனை மணி நேரம், எவ்வளவு சூட்டில், எத்தனை வோல்ட்டில் உழைக்கச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் அதை வாங்க வேண்டும், அந்த விவரம் பில்லிலும் ஏற வேண்டும்.

முதலில் அதன் வேலை என்ன என்று பார்ப்போம். பழைய வகை ஏசியின் அவுட்டோரில் இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று கம்ப்ரஸருக்குள், மற்றொன்று ஃபேனுக்கு. இரண்டும் சிங்கிள் ஃபேஸில் ஓடுபவை. ஒற்றை வைண்டிங்கில் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தைக் கொடுத்தால் மோட்டார் உறுமும், அதிரும். தானாகச் சுற்றத் தொடங்காது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று தீர்மானிக்க இரண்டாவது வைண்டிங் வேண்டும். அதில் ஓடும் கரண்ட், முதல் வைண்டிங்கின் கரண்டோடு ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல் விலகி நிற்க வேண்டும். அந்த விலகலைத் தருவது ரன் கெபாசிட்டர். மோட்டார் கிளம்பியதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மோட்டார் ஓடும் ஒவ்வொரு நொடியும் அதன் வழியே கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. 36 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் முனைகளில் வெறும் 230 வோல்ட் நின்றாலே சுமார் 2.6 ஆம்பியர் ஓடும். உள்ளே இருப்பது உலோகப் பூச்சு ஏற்றிய பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதில் நலிந்த ஓர் இடத்தில் மின்சாரம் துளைத்துக்கொண்டு பாய்ந்தால், துளையைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அந்த இடம் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். கெபாசிட்டர் பிழைத்துக்கொள்ளும், ஆனால் கொள்ளளவில் ஒரு துளி குறைந்திருக்கும். இப்படியே 36 என்பது 33 ஆகி, 30 ஆகி, ஒரு நாள் ஃபேனைக் குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றும் என்ற நிலை வரும். கம்ப்ரஸர் உறுமிவிட்டு ஓவர்லோடில் நின்றுபோகும்.

எம்.எஃப்.டி. விஷயத்தை நீட்ட வேண்டாம். மோட்டாரைச் செய்தவர் என்ன அளவு சொன்னாரோ அதே அளவுதான். ஒன்றரை டன் கம்ப்ரஸருக்கு 35-லிருந்து 50 வரை, ஃபேன் மோட்டாருக்கு ஒற்றை இலக்கத்தில் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் பொதுவாகச் சொல்வதை நம்பி வாங்கக் கூடாது. பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒயரிங் படத்தில் அளவு இருக்கும், பழைய கெபாசிட்டரின் மேலேயும் இருக்கும். கூடக்குறைய 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 36 என்பது 34.2-க்கும் 37.8-க்கும் நடுவில் இருக்கலாம். 40 வேண்டிய இடத்தில் 40 கிடைக்காவிட்டால் 35-ஐயும் 5-ஐயும் பேரலலாகச் சேர்க்கலாம், இரண்டும் 440 வோல்ட் தாங்குபவையாக இருந்தால். கம்ப்ரஸருக்கும் ஃபேனுக்கும் சேர்த்து ஒரே குடுவையில் வரும் கெபாசிட்டரில் சி, ஹெர்ம், ஃபேன் என்று மூன்று முனைகள் இருக்கும். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஒயர் மாறாது.

வோல்ட்டேஜ்தான் பலரும் தடுமாறும் இடம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே, 250 வோல்ட் கெபாசிட்டர் போதாதா என்று கேட்பது நியாயமாகவே தோன்றும். போதாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் இரண்டாவது வைண்டிங்கிலும் வோல்ட்டேஜ் உருவாகிறது. அதுவும் லைன் வோல்ட்டேஜும் சேர்ந்து கெபாசிட்டரின் முனைகளில் 300-ஐத் தாண்டி நிற்பது சாதாரணம். மோட்டாரைப் பொறுத்து 400-ஐ நெருங்குவதும் உண்டு. 440 என்று அச்சடிக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். 440 இருந்த இடத்தில் 450 போடலாம். 370-ஐயோ 250-ஐயோ போடக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கெபாசிட்டர்களின் மேல் இரண்டு வோல்ட்டேஜ் அச்சாகியிருக்கும். 400 வோல்ட்டில் 10,000 மணி, 450 வோல்ட்டில் 3,000 மணி என்பது போல. அதே பொருள், அதே ஃபிலிம். ஐம்பது வோல்ட் கூடியதும் ஆயுளில் பத்தில் ஏழு பங்கு போய்விடுகிறது. வோல்ட்டேஜ் கெபாசிட்டரின் ஆயுளை எப்படித் தின்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடம் தேட வேண்டியதில்லை, உற்பத்தியாளரே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்.

இந்த மணிக்கணக்குதான் நாம் படிக்காமல் விடும் வரி. மோட்டார் கெபாசிட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60252 இவற்றை ஆயுளை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஏ வகை 30,000 மணி நேரம், பி வகை 10,000, சி வகை 3,000, டி வகை 1,000. குறிப்பிட்ட வோல்ட்டேஜிலும் சூட்டிலும் அத்தனை மணி நேரம் ஓடினால் மிகச் சிலவே பழுதாக வேண்டும் என்பது அதன் பொருள். இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். மேச்சேரி பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் ஒரு செல்போன் கடையிலோ நகைக் கடையிலோ ஏசி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சி வகை 300 நாளில் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். பி வகை ஆயிரம் நாள், ஏறத்தாழ இரண்டே முக்கால் வருடம். ஏ வகை எட்டு வருடத்தைத் தாண்டும். இரவும் பகலும் ஏசி ஓடும் ஓர் ஏ.டி.எம். அறையிலோ சர்வர் அறையிலோ சி வகை 125 நாள்தான். மூன்றுமே 36 எம்.எஃப்.டி., மூன்றுமே 440 வோல்ட். கடைக்காரர் மேசையில் வரிசையாக வைத்தால் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. வருடா வருடம் சித்திரை பிறந்தால் கெபாசிட்டர் போகிறது, கரண்ட் சரியில்லை என்று புலம்பும் கடைக்காரர்களில் எத்தனை பேர் உண்மையில் 300 நாள் சரக்கை வாங்கி 300 நாள் ஓட்டியிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாருக்கும் ஏ வகைதான் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கோடை நான்கு மாதம், இரவு எட்டு மணி நேரம் மட்டும் ஏசி போடும் வீட்டில் வருடத்துக்கு ஆயிரம் மணி நேரம்கூட ஆகாது. அங்கே சி வகையே மூன்று கோடை தாங்கும். பி வகை வாங்கினால் ஏசியின் ஆயுளுக்கும் போதும். தேவைக்கு மேல் செலவழிக்கச் சொல்வது நோக்கமல்ல. வீட்டுக்காரருக்கு ஒன்று, கடைக்காரருக்கு ஒன்று என்று தேர்ந்தெடுக்க வேண்டியதை, இருவருக்கும் பையில் இருந்த ஒன்றையே மாட்டிவிட்டுப் போவதுதான் சிக்கல்.

சூட்டைப் பற்றிய வரியும் சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கூடுதலாகப் பொருந்தும். 25/70/21 அல்லது 25/85/21 என்று கோடு போட்டுப் பிரித்த மூன்று எண்கள் கெபாசிட்டரின் மேல் இருக்கும். முதல் எண் கீழ்வரம்பு, பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி. மேச்சேரிக்கு அது தேவைப்படப் போவதில்லை. கடைசி எண் ஈரப்பதச் சோதனையில் வைத்த நாட்கள். நடுவில் இருப்பதுதான் நமக்கு முக்கியம்: கெபாசிட்டர் தாங்கும் அதிகபட்ச சூடு. 70-க்கும் 85-க்கும் நடுவே பதினைந்து டிகிரி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். மேற்கு பார்த்த சுவரிலோ தகரக் கூரையின் மேலோ மாட்டிய அவுட்டோருக்குள், கம்ப்ரஸரின் சூடும் கண்டன்சர் காயிலின் சூடும் சேரும் இடத்தில், ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் வழியே போகும் கரண்டும் அதை உள்ளிருந்து சூடேற்றுகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் கையாளும் கணக்கு. ஏற்காட்டில் போதும் என்கிற 70 டிகிரி கெபாசிட்டர் மேச்சேரியில் போதாது. இந்தப் பகுதியில் 85 என்று எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

பாதுகாப்புக்கும் ஒரு குறியீடு உண்டு. பழைய அச்சில் பி0, பி1, பி2 என்றும், புதியதில் எஸ்0, எஸ்1, எஸ்2, எஸ்3 என்றும் இருக்கும். பூஜ்யம் என்றால் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பி2, எஸ்2, எஸ்3 என்றிருந்தால், கெட்டுப்போகும்போது இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது என்று பொருள். அலுமினியக் குடுவையின் தலை உப்பும்போது உள்ளேயிருக்கும் இணைப்பு அறுந்துவிடும் ஏற்பாடு அதில் ஒரு வகை. வெயிலில் காய்ந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, எலி கொறித்த ஒயர் எல்லாம் இருக்கும் பெட்டிக்குள் எதை வைப்பது என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். இந்தப் பகுதியில் முதலில் எழுவது லோ வோல்ட்டேஜ். “லைன்ல கரண்ட்டே வரலைங்க, ரெண்டு எம்.எஃப்.டி. கூட்டிப் போட்டாத்தான் கம்ப்ரஸர் எடுக்குது” என்பார்கள். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் 1,440 மெகாவாட் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீட்டுக்கு வோல்ட்டேஜ் இறங்கத்தான் செய்யும். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏசியும் மோட்டாரும் போட்டால் இன்னும் இறங்கும். மோட்டாரின் கிளப்பும் சக்தி வோல்ட்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி காணாமல் போகிறது. அந்த நிலையில் பெரிய கெபாசிட்டர் கிளம்ப உதவும் என்பது உண்மைதான், மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆனால் கிளம்புவதற்கு ஆவது சில நொடி. கூட்டிப் போட்ட கெபாசிட்டர் அதற்குப் பிறகும் நாள் முழுக்க இரண்டாவது வைண்டிங்கில் கூடுதல் கரண்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் லோடு குறைந்து வோல்ட்டேஜ் ஏறும்போது அந்தக் கரண்ட் இன்னும் ஏறும். வைண்டிங் காய்ந்து ஒரு நாள் கருகும். கெபாசிட்டர் சில நூறு ரூபாய். கம்ப்ரஸர் மாற்றினால், கேஸ் அடித்து வேலையும் முடித்தால், பத்தாயிரத்தைத் தாண்டும். லோ வோல்ட்டேஜுக்கு மருந்து ஸ்டெபிலைசர். கிளம்புவதில் மட்டும் சிரமம் என்றால், கிளம்பியதும் தானே விலகிக்கொள்ளும் ரிலேயோடு கூடிய ஸ்டார்ட் கெபாசிட்டர் இருக்கிறது. ரன் கெபாசிட்டரைப் பெரிதாக்குவது இரண்டுக்கும் மருந்தாகாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஸ்டார்ட் கெபாசிட்டர், ரன் கெபாசிட்டர் இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாட்டும் பழக்கம் விவசாயிகளிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் இருக்கிறது. ஸ்டார்ட் கெபாசிட்டர் சில நொடிகளுக்கு மட்டும் கரண்ட் தாங்கும் எலக்ட்ரோலைட்டிக் வகை. அதைத் தொடர்ந்து ஓடும் இடத்தில் வைத்தால் சூடேறி வெடிக்கும். ஏசிக்கும் அதே விதிதான்.

“மீட்டர்ல வெச்சுப் பாத்துட்டுத்தானே போடறோம், 36 காட்டுதே” என்பது அடுத்த மறுப்பு. உண்மையில் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வலுவான ஆதாரமே இந்தப் பதில்தான். புதிதாக இருக்கும் நாளில் மூவாயிரம் மணிக் கெபாசிட்டரும் 36 காட்டும், முப்பதாயிரம் மணிக் கெபாசிட்டரும் 36 காட்டும். ஆயுளை எந்த மல்டிமீட்டராலும் முதல் நாளில் அளக்க முடியாது. கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்க மீட்டர் வேண்டும். நல்லதைத் தேர்ந்தெடுக்க அது பயன்படாது. கழற்றாமலே, ஓடிக்கொண்டிருக்கும்போது கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரையும் வோல்ட்டையும் அளந்து கணக்கிடும் முறையை விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் கையாள்கிறார்கள். ஆம்பியரை 3,183-ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட் வரும். அமெரிக்க வீடியோக்களில் 2,652 என்று சொல்வார்கள்; அது அங்கே ஓடும் 60 ஹெர்ட்ஸுக்கு. நம் 50 ஹெர்ட்ஸுக்கு அதை எடுத்துக்கொண்டால் நல்ல கெபாசிட்டரும் ஆறில் ஒரு பங்கு குறைந்ததாகக் காட்டி, தேவையில்லாமல் மாற்ற வைக்கும்.

மெக்கானிக்குத் தெரியாததா, நமக்கெதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குத் தெரியும். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவருக்கு வகையும் தெரியும், வரம்பும் தெரியும். ஆனால் அவர் பையில் இருக்கும் சரக்கை முடிவு செய்வது அவருடைய படிப்பல்ல, நம் பேரம்தான். வெயிலில் மொட்டை மாடி ஏறி, அவுட்டோரைத் திறந்து, பழுதைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு இறங்குகிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? “சின்ன டப்பாவுக்கு இவ்வளவா?” கூலி என்று தனியாகக் கேட்டால் தர மனம் வருவதில்லை. அதனால் அவர் கூலியையும் டப்பாவின் விலைக்குள்ளே ஒளித்து வைக்கிறார். அப்படி ஒளிக்க வேண்டுமென்றால் டப்பா மலிவானதாக இருந்தாக வேண்டும். குறைந்த விலைச் சரக்கு சேலம் கடைகளிலும் நாமக்கல் கடைகளிலும் ஓடுவதற்கு மெக்கானிக்கின் பேராசை மட்டும் காரணம் இல்லை. பொருளுக்குக் காசு தருவோம், அறிவுக்குத் தரமாட்டோம் என்கிற நம் பழக்கமும்தான். கூலி இவ்வளவு, கெபாசிட்டர் இவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள், இரண்டையும் பிரித்துக் கொடுங்கள். நல்ல சரக்கைப் போடுவதால் அவருக்கு நஷ்டமில்லை என்று ஆன பிறகு யாரும் மட்டமானதைத் தேடிப் போகமாட்டார்கள்.

இன்வெர்ட்டர் ஏசி வந்த பிறகு இந்தப் பேச்சே பழங்கதை அல்லவா என்பது படித்தவர்களின் கேள்வி. பாதி சரி. இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கு ரன் கெபாசிட்டர் கிடையாது. போர்டில் உள்ள மின்னணுச் சுற்றே மோட்டாருக்கு வேண்டிய ஃபேஸ்களை உருவாக்கித் தருகிறது. 2018 ஜனவரியிலிருந்து இரண்டு வகைக்கும் ஒரே நட்சத்திர அளவுகோல் வந்ததும் பழைய வகை பின்தங்கியது. ஆனால் ஏற்கனவே சுவரில் தொங்கும் பழைய ஏசிகள் அப்படியேதான் இருக்கின்றன, நகரத்தில் கழற்றியது செகண்ட் ஹேண்டில் சிற்றூர்களுக்கு வந்து இன்னும் பல வருடம் ஓடும். ஏசியை விட்டாலும் சீலிங் ஃபேன், கிரைண்டர், சிங்கிள் ஃபேஸ் போர்வெல் மோட்டார் என்று கெபாசிட்டர் இல்லாத வீடு எது? தண்ணீரை நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து ஏற்றும் இந்தச் சமவெளியில் மோட்டாரை மேலே எடுக்கும் செலவு என்னவென்று விவசாயியைக் கேட்டால் தெரியும். இன்வெர்ட்டர் ஏசியின் போர்டிலும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் கணினி போர்டுகளில் தரமற்ற எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் உப்பி வெடித்தன. அந்தப் பழுதுகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்க வேண்டிவந்தது. வகை வேறு, ஆனால் ஒரு சிறு பாகத்தில் மிச்சம் பிடித்தால் எவ்வளவு செலவாகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது அரிது.

ஏசிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதே, பழையதோடு மல்லுக்கட்டாமல் புதிதே வாங்கிவிடலாமே என்றும் கேட்கலாம். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். மின் கட்டணமும் குறையும். ஆனால் கெபாசிட்டர் போனதற்காக ஏசியையே மாற்றுவது என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இங்கே எத்தனை?

கடைசியாக ஒரு கனமான மறுப்பு. லேபிளையே பொய்யாக அச்சடித்தால்? ஏ வகை, 85 டிகிரி என்று எழுத மை மட்டும்தானே வேண்டும்? இதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அதே எம்.எஃப்.டி., அதே வோல்ட்டேஜ் உள்ள இரண்டில் ஒன்று கைக்கு அடக்கமாகவும் எடை குறைந்தும் இருந்தால் சந்தேகப்படலாம். ஃபிலிமை மெல்லியதாக்கினால் டப்பா சிறுக்கும், தாங்கும் சக்தியும் சிறுக்கும். ஆனால் நல்ல ஃபிலிமில் சிறிதாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இது முடிந்த முடிவல்ல. உறுதியான வழி ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஏசி மோட்டார் கெபாசிட்டருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2993. முத்திரைக்கு மேலே அந்த எண்ணும், கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற இலவசச் செயலியில் தட்டினால் யாருக்குக் கொடுத்த உரிமம், எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்பது தெரிந்துவிடும். எண்ணே இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இதற்குப் பிறகும் ஏமாற்று நடக்கலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது பில். பில் தராமல் விற்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்கில் சேரும். பில்லில் ‘கெபாசிட்டர் 1’ என்று மட்டும் எழுதினால் நாளைக்கு எதை வைத்து வாதாடுவது? கம்பெனி பெயர், எம்.எஃப்.டி., வோல்ட்டேஜ், வகை, 85 டிகிரி, மாற்றிய தேதி: அரை நிமிட எழுத்து வேலைதான். எழுதியது உண்மையா என்று சோதிக்க இரண்டாவது கோடையே போதும். எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே கடைக்காரர் எழுதக்கூடிய சரக்கை வாங்கி வைப்பார். ஆயிரம் சோதனைக்கூடங்களைவிட இது வேகமாக வேலை செய்யும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏற வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், அடித்தால் தூக்கிப்போடும். இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டுப் பொறி பறக்கவிட்டு இறக்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடமே இருக்கிறது. அது கைக்கும் ஆபத்து, கெபாசிட்டருக்கும் கேடு. ரெசிஸ்டர் வழியாக இறக்குவதே முறை. அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். மாட்டுவதற்கு முன் புதியதைக் கையில் வாங்கி, அந்த நான்கு வரிகளையும் படியுங்கள். வகையும் டிகிரியும் இல்லாத கெபாசிட்டரைத் திருப்பிக் கொடுங்கள். கூலியைத் தனியாகக் கொடுங்கள், பில்லில் விவரத்தை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.